உறைக்குள் உறை

சென்ற டிசம்பரில் என் தங்கை மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பத்து நாள் விடுமுறை என்று பெயர். அதில் பாதி நாள் மடிக்கணினியும் கையுமாகத்தான் இருந்தான். லியோன் நகரில் ஒரு நிறுவனத்தில் ரூட்டர் வேலை. மற்ற கம்பெனிகளின் தலைமை அலுவலகத்தையும் கிளைகளையும் இணையம் வழியாக இணைத்துக் கொடுப்பது அவன் தொழில். அதற்குப் பெயர் வி.பி.என்.

ஒரு நாள் மாலை வாசலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பிரெஞ்சில் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டு உள்ளே வந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு பழைய கஸ்டமர் மாமா. போன வாரம்தான் எங்க கைக்கு வந்தாங்க. ரெண்டு ஆபீசுக்கு நடுவுல டனல் இருக்கு, பூட்டு இல்ல. ஏழு வருஷமா சம்பளப் பட்டியல், வேலையை விட்டு நீக்கின கடுதாசி எல்லாம் திறந்தபடியே இணையத்துல போயிருக்கு. கேட்டா, 'டனல் இருக்கே, அப்புறம் என்ன?'ங்கறாங்க."

அவன் சாதாரணமாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் சூப்பிரண்டெண்ட் என்னைக் கேட்ட கேள்வி அப்படியே காதில் விழுந்தது: "உறைக்குள்ள உறை போட்டுட்டா ரகசியம் ஆயிடுமாய்யா?"

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் ரூட்டர் கதை தானாகப் புரியும்.

தபால் பிரிவில்

அரசு வேலையில் சேர்ந்த புதிதில் என்னைத் தபால் பிரிவில் போட்டார்கள். எங்கள் புதுச்சேரி அரசு ஒரு விசித்திரமான அரசு. நிலம் நான்கு துண்டு. புதுச்சேரி இங்கே, காரைக்கால் 130 கிலோமீட்டர் தெற்கே, சுற்றிலும் தமிழ்நாடு, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். நம் அலுவலகத்திலிருந்து நம் அலுவலகத்துக்கே ஒரு தாள் போக வேண்டுமென்றாலும் அடுத்தவர் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். பல பேர் கை மாறித்தான் போய்ச் சேரும்.

ரகசியத் தபாலுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு உறை. உள் உறையில் பெறுபவர் பெயரும் 'ரகசியம்' என்ற முத்திரையும் இருக்கும். அதன் மடிப்புகளில் அரக்கு உருக்கி ஊற்றி அலுவலக முத்திரை குத்த வேண்டும். அதை வெறும் அலுவலக முகவரி மட்டும் எழுதிய இன்னொரு உறையில் வைத்து ஒட்ட வேண்டும். வெளி உறையில் 'ரகசியம்' என்ற சொல்லே வரக்கூடாது. பிரெஞ்சு நிர்வாகத்திலும் இதே வழக்கம்தான். அரக்கிட்ட உறையை 'ப்ளி கஷ்த்தே' என்பார்கள்.

ஒரு நாள் காரைக்காலுக்கு அப்படி ஒரு தபால். ஓர் ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் கோப்பு. அரக்கு தீர்ந்து போயிருந்தது, மணி ஐந்தாகிவிட்டது, கட்டு கிளம்ப வேண்டும். 'இரண்டு உறை இருக்கிறதே, போதும்' என்று நினைத்து, உள் உறையை வெறுமனே மடித்து வைத்து அனுப்பிவிட்டேன். தபால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பதிவேட்டில் கையெழுத்தும் வந்தது. ஆனால் அந்த மனிதருக்கு ஆணை கிடைப்பதற்கு முன்பே, அதில் என்ன இருக்கிறது என்பதை டீக்கடையில் யாரோ அவரிடமே சொல்லிவிட்டார்கள். வழியில் பிரித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அரக்கு வைக்காதது யார் என்று எனக்குத் தெரியும்.

போய்ச் சேருவது வேறு, பத்திரமாகப் போய்ச் சேருவது வேறு. அன்று எனக்குத் தெரியாதது அதுதான். மருமகனிடம் கேட்டும், இணையத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்தும் பார்த்ததில், வி.பி.என்.னின் வரலாறும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. இணையத்தில் வெளி உறை ஒரு வருடம் பிறந்தது, அரக்கு வேறொரு வருடம் பிறந்தது. அந்த அரக்கை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதில் அரசாங்கங்கள் பல வருடம் சண்டை போட்டன.

சொந்தக் கம்பியும் மூடிய குழுவும்

இணையத்துக்கு முன்னால் பெரிய கம்பெனிகள் கிளைகளை எப்படி இணைத்தன? தொலைபேசித் துறையிடம் வாடகைக்குக் கம்பி எடுத்தார்கள். பாரிஸிலிருந்து லியோனுக்கு ஒரு கம்பி. அதில் வேறு யாருடைய பேச்சும் போகாது. ஆனால் தூரத்துக்குத் தூரம் வாடகை. பயன்படுத்தினாலும் காசு, படுத்தாவிட்டாலும் காசு.

1978 டிசம்பரில் பிரான்சின் அஞ்சல் தொலைத்தொடர்புத் துறை டிரான்ஸ்பாக் என்ற பொது வலையமைப்பைத் தொடங்கியது. அதன் அடிப்படை எக்ஸ்.25 என்ற சர்வதேச நெறிமுறை. பிற்காலத்தில் பிரெஞ்சு வீடுகளில் புகழ்பெற்ற மினிதெல் பெட்டி ஓடியதும் இதன் மேல்தான். கம்பெனிகளுக்கு அதில் ஒரு வசதி இருந்தது: மூடிய சந்தாதாரர் குழு. ஒரே பொது வலையமைப்பில் இருந்தாலும், ஒரு வங்கியின் கிளைகள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளலாம். வெளியார் அழைப்பு உள்ளே வராது. பொதுச் சாலையில் தனியார் வண்டிப் பாதை என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாலையின் ஒவ்வொரு அடியும் ஒரே துறையின் கையில் இருந்தது. காவலும் அதன் பொறுப்பு.

இதே பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் லூயி பூசான் என்பவர் சிக்லாத் என்ற ஆராய்ச்சி வலையமைப்பைக் கட்டினார். அவருடைய எண்ணம் நேர்மாறு. வழியை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டாம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முழு முகவரியை எழுதிப் போடு, அது கிடைத்த வழியில் போய்ச் சேரட்டும் என்றார். 'டேட்டாகிராம்' என்று அதற்குப் பெயர். தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்கவில்லை; 1970களின் இறுதியில் சிக்லாத்துக்குப் பணமும் நின்றது. ஆனால் அமெரிக்காவில் இணையத்தை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் இங்கிலாந்தின் குவீன் எலிசபெத் பொறியியல் பரிசு அவர்களோடு பூசானுக்கும் சேர்த்துத்தான் வழங்கப்பட்டது. டிரான்ஸ்பாக்கின் எக்ஸ்.25 சேவை அதற்கு முந்தைய வருடம், 2012 ஜூன் 30-இல், மினிதெல்லோடு சேர்த்து மூடப்பட்டது.

பூசானின் வழி ஜெயித்ததால் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் வந்தன. எந்த ஊருக்கும் மலிவாகப் பொட்டலம் அனுப்பலாம் என்பது வசதி. அது யார் யார் கை வழியாகப் போகும் என்று சொல்ல முடியாது என்பது தொல்லை. காரைக்கால் தபால் மாதிரிதான்.

1994: வெளி உறை வந்தது

1990களின் தொடக்கத்தில் அலுவலகங்களில் எல்லாரும் ஐ.பி. மொழி பேசவில்லை. நாவெல் கணினிகள் ஒரு மொழி, ஆப்பிள் கணினிகள் வேறு மொழி, டிஜிட்டல் நிறுவனத்தின் கணினிகள் இன்னொரு மொழி. இணையமோ ஐ.பி. பொட்டலத்தை மட்டும்தான் தூக்கும். அப்படியானால் இந்த மற்ற மொழிப் பொட்டலங்களை ஐ.பி. உறைக்குள் போட்டு அனுப்பினால் என்ன?

1994 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1701 என்ற ஆவணம் வெளியானது. எழுதியவர்கள் ஸ்டான் ஹாங்க்ஸ், டோனி லி, டினோ ஃபரினாச்சி, பால் ட்ரெய்னா ஆகிய நால்வர். கடைசி மூவர் சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கொடுத்த முறைக்கு ஜி.ஆர்.இ. என்று பெயர். எந்த மொழிப் பொட்டலத்தையும் எந்த மொழி உறைக்குள்ளும் வைக்கலாம் என்ற பொதுவான ஏற்பாடு.

மருமகன் ஒரு தாளில் எனக்குப் போட்டுக் காட்டிய படத்தை அப்படியே எழுதுகிறேன்.

பாரிஸ் அலுவலகத்துக்குள் கணினிகளின் முகவரி 192.168.10-இல் தொடங்கும். லியோன் அலுவலகத்துக்குள் 192.168.20. இவை வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயர் மாதிரி. 1996-இல் வந்த விதிப்படி (ஆர்.எஃப்.சி. 1918) இவற்றை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்; வெளி இணையத்தில் செல்லாது. தபாலில் 'சின்னக்குட்டிக்கு' என்று மட்டும் எழுதினால் போய்ச் சேருமா? அதனால் வெளியே செல்லுபடியாகும் முகவரி ஒன்று ஒவ்வோர் அலுவலக ரூட்டருக்கும் உண்டு. பாரிஸுக்கு 203.0.113.5, லியோனுக்கு 198.51.100.9 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பாரிஸ் ரூட்டரில் ஒரு கற்பனை வாசலை உருவாக்க வேண்டும். நிஜத்தில் கம்பி செருகும் ஓட்டை எதுவும் இல்லாத வாசல். அதற்கு 'டனல் 0' என்று பெயர். அதற்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒன்று, அந்த வாசலின் சொந்த முகவரி: 10.0.0.1. இரண்டு, வெளி உறையில் அனுப்புநர்: 203.0.113.5. மூன்று, வெளி உறையில் பெறுநர்: 198.51.100.9. லியோன் ரூட்டரில் இதையே திருப்பிப் போட வேண்டும். அங்கே வாசலின் முகவரி 10.0.0.2. கடைசியாக, '192.168.20-க்குப் போகும் தபாலை எல்லாம் டனல் 0-இல் கொடு' என்று ஒரு வழிகாட்டி வரி. அவ்வளவுதான். ஆறேழு வரியில் முடிந்தது. பாரிஸும் லியோனும் அடுத்தடுத்த அறைபோல ஆகிவிடும்.

இடையில் இருக்கும் ரூட்டர்கள் வெளி உறையை மட்டும் பார்க்கும். அதில் 'உள்ளே இருப்பது எண் 47' என்று இருக்கும். 47 என்றால் ஜி.ஆர்.இ. என்று பொருள். லியோன் ரூட்டர் வெளி உறையைக் கிழித்துவிட்டு உள் உறையை உரியவரிடம் கொடுக்கும்.

கவனித்தீர்களா? இதில் எங்கும் அரக்கு வரவில்லை. சுரங்கம் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு மண்ணுக்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், பத்திரமாக என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஒரு கண்ணாடிக் குழாய். முகவரி மாற்றும் வேலையை மட்டும் செய்கிறது.

மருமகனின் கஸ்டமர் ஏமாந்தது இன்னொரு காரணத்தாலும். ஜி.ஆர்.இ. உறையின் மேல் 'கீ' என்று ஒரு எண் எழுத இடம் இருக்கிறது. கீ என்றால் சாவி அல்லவா? 'டனல் கீ' என்று ரூட்டரில் ஒரு எண் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்றே எல்லாரும் நம்பிவிட்டார்கள். அது சாவியே அல்ல. எந்தப் பொட்டலம் எந்த டனலைச் சேர்ந்தது என்று பிரிக்க உதவும் அடையாள எண். உறையின் மேலேயே எவரும் படிக்கும்படி எழுதிப் போகிறது. கோப்பு எண்ணைப் பூட்டு என்று நினைத்த கதை.

தபால்காரனின் இரண்டு தொல்லைகள்

வெளி உறை போடுவதில் வரும் இரண்டு சிக்கல்களை மருமகன் சொன்னபோது, இந்தப் பொறியாளர்களும் நம் இனம்தான் என்று தோன்றியது.

முதலாவது, எடை. இணையத்தில் சாதாரணமாக ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். ஜி.ஆர்.இ. வெளி உறைக்கு 20 பைட், அதன் குறிப்புக்கு 4 பைட், ஆக 24 போய்விடும். உள்ளே வைக்க 1476-தான் மிச்சம். அரக்கும் சேர்த்தால் இன்னும் குறையும். முழு 1500 பைட்டில் வரும் பொட்டலத்தில் 'இதை வெட்டாதே' என்று குறித்திருந்தால், ரூட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று அனுப்பியவருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். ஆனால் பல இடங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் சீட்டையே மறித்துவிடுகிறார்கள். விளைவு விசித்திரமாக இருக்கும்: சோதனைச் செய்தி போகும், சின்ன மின்னஞ்சல் போகும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். ஒரு பிழைச் செய்தியும் வராது. அதனால் டனலின் அளவை முன்கூட்டியே 1400 என்றும், அதற்குள் போகும் சரக்கை 1360 என்றும் குறைத்து வைப்பது இவர்கள் வழக்கம்.

இரண்டாவது, சுற்றல். லியோனுக்குப் போகும் எல்லா வழியையும் டனலுக்குள்ளேயே கற்றுக்கொள்ளும்படி விட்டுவிட்டால், ஒரு கட்டத்தில் பாரிஸ் ரூட்டர், லியோனின் வெளி முகவரிக்குப் போகவும் டனலே நல்ல வழி என்று முடிவு செய்துவிடும். அதாவது, வெளி உறையைப் போட்டு, அதை எங்கே கொடுப்பது என்று பார்த்தால், 'டனலில் கொடு' என்று வரும், டனலில் கொடுத்தால் மறுபடி ஒரு வெளி உறை, மறுபடி டனல். ரூட்டர் இதைக் கண்டுபிடித்து, டனலைத் தற்காலிகமாக மூடிவிடும். சற்று நேரத்தில் திறக்கும், மறுபடி மூடும். வெளி உறையின் பாதை எப்போதும் வெளிச் சாலையிலேயே இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டாதே என்று என் அம்மா சொல்வது இதுதான்.

1995: அரக்கு வந்தது, கூடவே சட்டமும்

அரக்கு அடுத்த வருடம் வந்தது. 1995 ஆகஸ்டில் ஐபிசெக் என்ற முறையின் முதல் ஆவணங்கள் வெளியாயின. அவற்றில் முக்கியமான மூன்றை எழுதியவர் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ராண்டல் அட்கின்சன். பொட்டலத்தின் உள்ளடக்கத்தைச் சாவி வைத்துக் கலைத்து, சாவி உள்ளவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி செய்வது இதன் வேலை. இரண்டு ரூட்டர்களும் ஒருவரை ஒருவர் உண்மையானவரா என்று சோதித்து, சாவியைப் பேசி முடிவு செய்து, அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முறையும் 1998 நவம்பரில் ஒழுங்கானது.

தனியாகப் பார்த்தால் இந்த அரக்கும் முழுமையானதல்ல. ஒருவர் ஒருவருக்கு அனுப்பும் ஐ.பி. தபாலை மட்டும்தான் அது மூடும். ரூட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவலைப் பொது அறிவிப்பாகச் சொல்லிக்கொள்ளும். அந்த அறிவிப்புகளை அது ஏற்காது. ஜி.ஆர்.இ. எதையும் ஏற்கும், ஆனால் மூடாது. அதனால் இரண்டையும் சேர்த்தார்கள்: எல்லாவற்றையும் ஜி.ஆர்.இ. உறையில் போடு, அந்த உறையை ஐபிசெக் அரக்கால் மூடு. கம்பெனி ரூட்டர்களில் பல வருடம் இந்த ஜோடிதான் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

ஆனால் பிரான்சில் ஒரு கம்பெனி 1995-இல் இந்த அரக்கைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. இது எனக்கே புதுச் செய்தி. சுதந்திரம் சமத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த நாடு அல்லவா! அங்கே மறையெழுத்துக் கருவிகள் 1939 ஏப்ரல் 18-ஆம் தேதி ஆணைச் சட்டத்தின்கீழ் போர்த் தளவாட வகையில் வைக்கப்பட்டிருந்தன. பீரங்கிக்கு என்ன விதியோ அதே விதி. 1990 டிசம்பர் 29-ஆம் தேதிச் சட்டம் கொஞ்சம் தளர்த்தியது: கையெழுத்து உண்மையா என்று சோதிக்க மட்டும் பயன்படுத்தினால் அறிவித்தால் போதும், உள்ளடக்கத்தை மறைக்கப் பயன்படுத்தினால் பிரதமரின் முன் அனுமதி வேண்டும்.

1996 ஜூலை 26-ஆம் தேதிச் சட்டத்தில் இன்னொரு வழி வந்தது. உங்கள் சாவியை அரசு அங்கீகரித்த ஒரு மூன்றாம் நபரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு தாராளமாகப் பூட்டிக்கொள்ளுங்கள். 'தியேர் து கோன்ஃபியான்ஸ்', அதாவது நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் என்று பெயர். அரசு கேட்டால் அவர் சாவியை நீட்ட வேண்டும். 1998-இல் வந்த ஆணைகள் 40 பிட் நீளமுள்ள சாவி வரை பயன்படுத்த இந்தத் தடைகளை விலக்கின.

40 பிட் என்றால் எவ்வளவு? சுமார் 1,09,951 கோடி சாவிகள் சாத்தியம். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் 1998 ஜூலையில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டிய ஒரு இயந்திரம், 56 பிட் டெஸ் பூட்டை 56 மணி நேரத்தில் திறந்துவிட்டது. 40 பிட் பூட்டு அதைவிட 65,536 மடங்கு சிறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சில விநாடிகள்தான். பிரெஞ்சுக் கம்பெனிக்கு அனுமதிக்கப்பட்டது அரக்கு அல்ல, சோற்றுப் பசை.

அமெரிக்காவும் உத்தமர் அல்ல. அங்கும் 1996 இறுதி வரை பலமான மறையாக்க மென்பொருள் ஆயுதப் பட்டியலில்தான் இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. அதன் தழும்பு ரூட்டரிலேயே இருக்கிறது என்று மருமகன் காட்டினான். சிஸ்கோ ரூட்டரின் மென்பொருள் கோப்புப் பெயரில் 'கே8' என்று இருந்தால் மெல்லிய பூட்டு. 'கே9' என்றால் பலமான பூட்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கலாம் என்று பிரிக்கத்தான் அந்தப் பிரிவு.

இனி ஒரு தேதியைக் கவனியுங்கள். 1999 ஜனவரி 19. அன்றுதான் அந்த இயந்திரமும் இணையத்தில் இணைந்த ஏறக்குறைய ஒரு லட்சம் கணினிகளும் சேர்ந்து 56 பிட் பூட்டை 22 மணி 15 நிமிடத்தில் திறந்ததாக அறிவிப்பு வந்தது. அதே நாளில் பாரிஸில் பிரதமர் லியோனல் ஜோஸ்பான், தம் அரசு மனத்தை மாற்றிக்கொண்டது என்று அறிவித்தார்: கட்டுப்பாடில்லாத சாவி நீளம் 40-இலிருந்து 128 பிட்டாக உயரும், சாவியை மூன்றாமவரிடம் ஒப்படைக்கும் கட்டாயம் போகும். மார்ச் மாதம் 17-ஆம் தேதி ஆணைகள் வந்தன. முழு விடுதலை 2004 ஜூன் 21-ஆம் தேதிச் சட்டத்தில்தான் வந்தது. மறையாக்கத்தைப் பயன்படுத்துவது சுதந்திரம் என்று அதன் 30-ஆம் பிரிவு சொல்கிறது. 1939-இலிருந்து எண்ணினால் 65 வருடம்.

நம் ஊர்? நாமும் அந்த வழியில்தான் நடந்தோம். 1998-இல் தனியார் இணையச் சேவைக்கு அனுமதி கொடுத்த பிறகு வந்த உரிம நிபந்தனைகளில், 40 பிட் வரை அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் அனுமதி வாங்கி, சாவியை இரண்டு துண்டாக ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. பிரெஞ்சு மூன்றாமவரின் தம்பி.

ஓர் அரசு ஊழியனாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் பயம் வெறும் அதிகார ஆசை அல்ல. கொலைகாரனும் அதே அரக்கைத்தான் வைப்பான். ஆனால் எல்லா உறைகளையும் பலவீனமாக ஒட்டச் சொன்னால், அதைப் பிரிப்பது அரசாங்கம் மட்டும்தான் என்று எப்படி உறுதி சொல்வது? காரைக்கால் உறையைப் பிரித்தது அரசாங்கம் அல்லவே.

ஐம்பது கிளைகள்

பூட்டு எல்லாருக்கும் கிடைத்த பிறகு புதுத் தலைவலி எண்ணிக்கை. ஐம்பது அலுவலகங்கள்; ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராகப் பேச வேண்டுமானால் 1225 டனல். அத்தனையும் கையால் எழுத வேண்டும். அதோடு, கிளைகளின் வெளி முகவரி சில இடங்களில் தினம் மாறும்.

இதற்கு வந்த ஏற்பாட்டுக்கு டி.எம்.வி.பி.என். என்று பெயர். தலைமை அலுவலக ரூட்டரில் ஒரே ஒரு டனல் வாசல். அது எத்தனை பேரையும் ஏற்கும். ஒவ்வொரு கிளையும் எழுந்ததும் தலைமை அலுவலகத்துக்குப் போய், 'என் உள் முகவரி இது, இன்றைக்கு வெளி முகவரி இது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வரும். ஒரு கிளைக்கு இன்னொரு கிளையோடு வேலை வந்தால், தலைமை அலுவலகத்தைக் கேட்டு முகவரி வாங்கி, நேராக ஒரு டனல் போட்டுக்கொள்ளும். வேலை முடிந்தால் அது கலைந்துவிடும். இந்தப் பதிவேட்டு முறை 1998 ஏப்ரலில் என்.எச்.ஆர்.பி. என்ற பெயரில் வந்தது. ஐம்பது கிளைகளுக்கும் தலைமையில் எழுத வேண்டியது ஒரே வாசல். முகவரிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒரு வரி

ஊருக்குத் திரும்பும் முன் மருமகன் அந்தக் கஸ்டமரின் வேலையை முடித்தான். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினான். முதலில், பூட்டு இல்லாத டனலில் போன ஒரு பொட்டலத்தைப் பிடித்துத் திரையில் விரித்தான். எண்களும் புள்ளிகளும் நடுவே, படிக்கத்தக்க பிரெஞ்சு. ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'மருத்துவ விடுப்பு' என்ற சொல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படிக்கக்கூடாததைப் படித்துவிட்ட கூச்சம்.

பிறகு இரண்டு ரூட்டரிலும் சாவி விவரங்களை எழுதி, டனல் வாசலின் கீழ் ஒரே ஒரு வரி சேர்த்தான். 'டனல் ப்ரொடெக்‌ஷன்' என்று தொடங்கும் வரி. சில விநாடி டனல் அறுந்து மீண்டும் ஒட்டியது. மறுபடி ஒரு பொட்டலத்தைப் பிடித்தான். இப்போது வெளி உறையில் எண் 47 இல்லை. 50 என்று இருந்தது. உள்ளே வெறும் குப்பை. ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை.

"அவ்வளவுதானாடா? ஒரு வரியா?" என்றேன்.

"சாவி விவரத்தையும் சேர்த்தா இருபது வரி வரும் மாமா. கடைசி முடிச்சு இந்த ஒரு வரிதான். இருக்குதான்னு ஏழு வருஷமா யாரும் பாக்கல, அதான் விஷயம்."

எனக்கும் அன்று தேவைப்பட்டது ஒரு துண்டு அரக்குதான். அடுத்த பிரிவில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் தாமதமாகியிருக்கும். அந்தக் காரைக்கால் ஊழியர் மீதிருந்த குற்றச்சாட்டு பிறகு நிரூபணமாகவில்லை. ஆனால் டீக்கடையில் கேட்டது ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் ஒருநாள் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது அவர் இல்லை.

உங்களில் யாராவது அலுவலகத்தில் வி.பி.என். இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால், அதைக் கட்டியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். டனல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார். அரக்கு வைத்தீர்களா என்று கேளுங்கள்.